பெயர் கூப்பிட்ட நாள்

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே ஹொர்லோவின் வீட்டார் சின்னக் கூடாரத்தை மாட்டுவண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெரிய கூடாரம் ஆற்றுக்கு மேலே மேய்ச்சல் நிலத்திலேயே நின்றது. குளிர்காலம் முழுக்க இனி இப்படித்தான். ஹொர்லோ மகள் நோமினோடு ஊரில் இருப்பாள். அவள் புருஷன் கோம்போவும் மகன் புரெவும் மந்தையோடு மேலே இருப்பார்கள். பள்ளியில் விடுதி இருந்தது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை விடுதியில் தள்ளிவிட்டுப் போக ஹொர்லோவுக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் முடிகிற நேரம். காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி படிந்து, வெயில் ஏறியதும் கரைந்து மண்ணை ஈரமாக்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் இவர்களைப் போலவே வந்திறங்கிய குடும்பங்கள் வரிசையாகக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தன. புரெவ் ஒற்றை ஆளாகச் சட்டங்களை விரித்துக் கட்டி, கூரையின் நடு வளையத்தைத் தூக்கி நிறுத்தி, கம்பளியை இழுத்துச் சுற்றினான். பதினேழு வயது. அப்பாவைவிடத் தோள் அகலம். காட்டுத்தனமாக ஓடுகிற குட்டிக்குதிரையைக்கூட அடிக்காமல் பழக்குவான் என்று அந்தப் பள்ளத்தாக்கில் அவனுக்குப் பேர் இருந்தது. கூடாரம் நின்றதும், உலர்ந்த சாணத்தை மூட்டை மூட்டையாக இறக்கிக் கதவோரம் அடுக்கினான். அம்மாவுக்குக் குனிய வேண்டியிருக்கக் கூடாது என்று இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை போட்டு அதன் மேல் அடுக்கினான். ஹொர்லோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

செப்டம்பர் முதல் தேதி காலையில் நோமினுக்குக் கறுப்பு கவுன் போட்டு, வெள்ளைக் காலுறை ஏற்றி, தலையில் இரண்டு பெரிய வெள்ளை நாடாப் பூக்களைக் கட்டிவிட்டாள். கோம்போ உப்புத் தேநீரைக் குடித்தபடி மகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"தலையில ரெண்டு முட்டைக்கோசு முளைச்சிருக்கே, பாத்துப் போ. வழியில ஆடு மேஞ்சிரப் போவுது."

"அப்பா சும்மா இரு" என்றாள் நோமின். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அண்ணனின் இடுப்புக் கச்சையைப் பிடித்த கையை விடவேயில்லை. அண்ணன் வந்தால்தான் வருவேன் என்று நேற்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். வாசல் வரைக்கும் வருகிறேன் என்று புரெவ் ஒப்புக்கொண்டிருந்தான்.

பள்ளி முற்றத்தில் கூட்டம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வர, குழந்தை கைமணியைப் பலங்கொண்டமட்டும் ஆட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஓயுன் தன் பிள்ளைகளை வரிசையாக உள்ளே அழைத்துப் போனாள். சின்னப் பெண். மாகாணத் தலைநகரிலிருந்து போன மாதம்தான் வந்தவள். பிள்ளைகளைவிட அவள்தான் அதிகம் பயந்திருந்த மாதிரி இருந்தது.

நோமின் வாசலில் கையை விடவில்லை. ஆசிரியை சிரித்துக்கொண்டே, அண்ணனும் இன்றைக்கு வந்து உட்காரட்டும் என்றாள். புரெவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் கடைசி பெஞ்சில் தங்கச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தான். முழங்கால் மேஜைக்கடியில் நுழையவில்லை. காலை வெளியே ஒருக்களித்து வைத்துக்கொண்டான்.

"என்னப்பா, மாப்பிள்ளையும் ஒண்ணாம் வகுப்பா?" என்று யாரோ ஒரு தகப்பன் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புரெவும் சிரித்தான். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

ஹொர்லோ மற்ற தாய்மார்களோடு ஜன்னலோரம் நின்றாள். புதுச் சுண்ணாம்பு வாடை. பலகைக்கு மேலே எழுத்துகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவளும் இதே பள்ளியில்தான் படித்தாள். எட்டாம் வகுப்பு வரை. கோம்போவும் இங்கேதான் படித்தான். அந்தக் காலத்தில் மேய்ச்சல்காரன் பிள்ளை, டிரைவர் பிள்ளை என்று பார்க்காமல் எல்லாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து படிக்க வைத்தார்கள். படிக்காத பிள்ளை என்று ஒன்றை அவள் பார்த்ததே கிடையாது.

தலைமையாசிரியர் ஜிக்மித் உள்ளே வந்து ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டே வந்தார். நரைத்துப் போயிருந்தார். குரல் மட்டும் மாறவில்லை. ஹொர்லோவைப் பார்த்ததும் நின்றார்.

"ஹொர்லோதானே? உனக்கு ஒரு பையன் இருந்தானே. உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு சொன்னே, அந்த வருஷம் நான் மோட்டார் சைக்கிள்ல வந்தப்ப. அங்கேயே படிச்சானா?"

"ஆமா சார்" என்றாள். "அங்கேயேதான் படிச்சான்."

அவர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து ஓயுன் டீச்சர் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு மடித்த அட்டையும் கலர்ப் பென்சிலும் கொடுத்து, பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதி மேஜை மேல் நிறுத்தி வையுங்கள் என்று வீட்டார்களைக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசி பெஞ்சில் அதைப் புரெவின் கையில் கொடுத்தாள். அவன் பென்சிலை வாங்கிக்கொண்டான். அம்மா எங்கே என்று தலையைத் தூக்கிப் பார்த்தான். நோமின் எழுந்து நின்று முந்திக்கொண்டாள். அவள் குரல் எப்போதும் கணீரென்று இருக்கும்.

"டீச்சர், எங்கண்ணனுக்கு எழுத்து தெரியாது. நான் கத்துக்கிட்டுப் போய் அவனுக்குச் சொல்லித் தருவேன்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. குழந்தை பேசியது அப்படி இருந்தது. ஜிக்மித் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு ஹொர்லோவைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை. அடுத்த தாயிடம் போய்விட்டார்.

புரெவ் எழுந்தான். பெஞ்சும் அவன் காலோடு மாட்டிக்கொண்டு எழுந்து தடாலென்று விழுந்தது. மறுபடி சிரிப்பு. பெஞ்சைத் தூக்கி நேராக வைத்தான். பென்சிலை மேஜை மேல் உருளாமல் வைத்தான். "அம்மா வந்து எழுதுவாங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வெளியே போனான். ஹொர்லோ வந்து மகளின் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து கீழே இறங்கிவிட்டது.

புரெவுக்கு எட்டு வயதான வருஷம் கூட்டுப்பண்ணையைக் கலைத்துவிட்டு ஆடுமாடுகளைப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். அதுவரை பண்ணை லாரி ஓட்டிக்கொண்டிருந்த கோம்போவுக்கு செம்மறியாடும் வெள்ளாடும் கிடைத்தன, வேலை போயிற்று. மந்தையை மேய்த்துப் பழக்கமில்லை. ஆள் வைத்துக்கொள்ள வழியில்லை. விடுதியில் நிலக்கரி இல்லை, பிள்ளைகள் அங்கியோடு தூங்குகிறார்கள் என்று பேச்சு இருந்தது. பிள்ளைக்குத் தேவையான இறைச்சியை வீட்டார்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கோம்போ, அனுப்பித்தான் பார்ப்போமே என்றான். ஹொர்லோதான் வேண்டாம் என்றாள். ஒரே ஒரு குளிர்காலம் போகட்டும், குட்டிகள் பிழைத்து நிற்கட்டும், அடுத்த வருஷம் அனுப்பலாம் என்றாள். அந்தக் குளிர்காலம் பையன் ஒரு குட்டியைக்கூட ஓநாய்க்கு விடவில்லை. அடுத்த வருஷம் அவன் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. அதற்கடுத்த வருஷம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார அவனுக்கே வெட்கமாக இருந்தது. நிலக்கரி இல்லாததுதான் காரணம் என்று ஹொர்லோ பல வருஷம் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். விடுதிக்கு மறு குளிர்காலமே நிலக்கரி வந்துவிட்டது.

மத்தியானம் வகுப்பு விட்டதும் டீச்சரிடம் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு, நோமினை அப்பாவிடம் விட்டாள். பிறகு புரெவைத் தேடிக்கொண்டு போனாள். ஊர்க் கிணற்றில் தகரக் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு ஒரு வாரத்துக்குக் காணும்படி நிரப்பி வைத்துவிட்டுப் போக நினைத்திருப்பான் போல.

"டீச்சர்கிட்ட கேட்டேன்" என்றாள் ஹொர்லோ. "விட்டுப்போனவங்களுக்குச் சாயங்காலம் தனியா வகுப்பு நடக்குதாம். உன் வயசுப் பசங்க வர்றாங்களாம். நீ இங்க இரு. பாப்பாவுக்கும் துணையாச்சு. நான் மேல போயிர்றேன்."

"குதிரைங்கள யாரு பாக்குறது?"

"உங்கப்பாவும் நானும் பாத்துக்கிறோம்."

"பாத்தீங்க. அப்பா கயிறு வீசினா அது அவரு கழுத்துலதான் விழுது." கேனின் மூடியை இறுக்கினான். "வேணாம்மா. அந்த பெஞ்சுல என் முட்டி நுழையல."

"அது ஒண்ணாம் வகுப்பு பெஞ்சு. சாயங்கால வகுப்புக்குப் பெரிய பெஞ்சு இருக்கும்."

காற்று கிணற்றடித் தூசியைக் கிளப்பிவிட்டுப் போனது. இரண்டாவது கேனை வைத்துவிட்டுச் சொன்னான்.

"அன்னிக்கு வந்தவரு இவருதானே. இந்தத் தலைமையாசிரியர். இன்னிக்குக் குரலக் கேட்டதும் தெரிஞ்சிபோச்சு."

ஹொர்லோ கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு நினைவிருக்காது என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவனைக் கட்டிலுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஆட்டுத்தோலைப் போட்டு மூடி, ஊசி போடுகிற ஆள் வருகிறார், மூச்சு விடாதே என்று சொன்னவள் அவள்.

"ஊசிக்காரர்னு சொன்னே. நானும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவரு புரெவ் எங்கன்னு கேட்டாரு. நீ மாமா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னே. வெளிய போயும் ரெண்டு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. பக்கத்துல எங்கயாச்சும் வெளயாடிக்கிட்டு இருப்பேன்னு நெனச்சாரோ என்னவோ. ஊசி போடுற ஆளு இப்படியா கூப்பிடுவாருன்னு அப்பவே எனக்குத் தோணுச்சு."

"புரெவ்."

"ஒரு தடவ இருமியிருந்தா போதும். தொண்டையில தோல் மயிரு போயி இருமல் வரத்தான் பாத்துச்சு. நான்தான் அடக்கிட்டேன்."

"நீ சின்னப் புள்ளடா. உனக்கு என்ன தெரியும்."

"எட்டு வயசும்மா. குதிர ஓட்டத் தெரிஞ்ச வயசு." அவன் குரலில் கோபமே இல்லை. "நானும்தானே சும்மா இருந்துட்டேன். உன்ன மட்டும் சொல்லி என்ன."

அவன் திட்டியிருந்தால் ஹொர்லோ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பாள். அதற்காகத்தான் வந்திருந்தாள். தன் தப்பில் பாதியை இந்தப் பிள்ளை இத்தனை வருஷமாகத் தன் பாட்டில் சுமந்துகொண்டு குட்டிகளுக்குப் பின்னால் அலைந்திருக்கிறான் என்பது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

அவன் இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

சாயங்கால வகுப்பு விஷயத்தைக் கோம்போவிடமும் சொன்னாள். அவன் சேணத்தின் வாரை இழுத்துக் கட்டியபடி, அவன் இஷ்டம் என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வெயில் சாய்வதற்குள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். புரெவ் ஆட்டிறைச்சித் துண்டு போட்ட தேநீரை இரண்டு கிண்ணம் குடித்து, தயிர்க்கட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, தங்கச்சியின் ஒரு நாடாப் பூவைத் தட்டிவிட்டுப் போனான்.

அண்ணன் போனபிறகு நோமினுக்குத் துணையாக வகுப்பில் உட்கார யாராவது வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க ஹொர்லோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொண்டார்கள். பதில் தெரிந்தால் முழங்கையை மேஜையில் ஊன்றிக் கையைத் தூக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பையன் பாதியில் எழுந்து, குதிரைக்குத் தண்ணி காட்டணும் என்று வெளியே நடந்தான். டீச்சர் ஓடிப்போய்ப் பிடித்து வந்தாள். கோடு போடுவது, வளையம் போடுவது, பிறகு முதல் எழுத்து. ஹொர்லோ அந்த எழுத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எப்போதோ தெரியும். ஒரு குளிர்கால மாலையில் அடுப்புச் சாம்பலில் விரலால் எழுதி அவனுக்குக் காட்டியிருக்கலாம். அதுகூடத் தோன்றாமல் போய்விட்டது. கம்பளி முறுக்குகிற வேலை, கன்றுக்குக் குளிர்ப் போர்வை தைக்கிற வேலை என்று ஒவ்வொரு மாலையும் கழிந்திருந்தது.

தினமும் காலையில் டீச்சர் பெயர் கூப்பிடுவாள். தெல்கெர் என்ற பெயருக்கு மட்டும் பதில் வராது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி கூப்பிடுவாள். பிறகு அடுத்த பெயருக்குப் போவாள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை யார் என்று ஹொர்லோ கேட்டாள்.

"வடக்குப் பள்ளத்தாக்கு வீடாம் அக்கா" என்றாள் ஓயுன். "பள்ளி மோட்டார் சைக்கிள் ரிப்பேராம். வந்தா வரட்டும்னு மத்த டீச்சருங்க சொல்றாங்க. எனக்கு வழியும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஹொர்லோ. "ஞாயித்துக்கிழம போலாம். குதிரை ஏறுவீங்கல்ல?"

ஞாயிற்றுக்கிழமை நோமினைப் பக்கத்துக் கூடாரத்தில் விட்டுவிட்டு, அவர்களிடமே இரண்டு குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். வடக்கே மலையுச்சியில் முதல் பனி விழுந்திருந்தது. மேய்ச்சல் மஞ்சளாகக் கிடந்தது. ஓயுன் ஏறத் தெரியும் என்று சொன்னாளே தவிர, ஆற்றைக் கடக்கும்போது குதிரையின் பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

தெல்கெரின் வீடு ஒற்றைக் கூடாரம். கூரை மேல் தயிர்க்கட்டிப் பலகை காய்ந்துகொண்டிருந்தது. பட்டியில் ஆடுகள் இன்னும் அவிழ்க்கப்படாமல் கத்தின. தெல்கெரின் அம்மா வெளியே வந்து நாயைப் பிடித்துக்கொண்டாள். மெலிந்த பெண். அங்கியின் முன்பக்கம் முழுக்கப் பால் கறை. உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் ஊற்றினாள். பொரித்த மாவுத் துண்டுகளைத் தட்டில் வைத்தாள். புருஷன் மாடு தேடிப் போயிருக்கிறார் என்றாள். ஓயுன் கூச்சத்தோடு விஷயத்தை ஆரம்பித்தாள்.

"தெல்கெர் பேரு எங்க வகுப்புல இருக்கு அக்கா. ஒரு வாரம் ஆச்சு. எல்லாப் பிள்ளைங்களும் வந்துட்டாங்க."

"அவன் அத்தை வீட்டுக்குப் போயிட்டானே" என்றாள் அந்தப் பெண். "அங்கயே சேத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

"அப்படியா? நல்லதுதான்" என்று ஓயுன் சொன்னாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

ஹொர்லோ எழுந்திருக்கவில்லை. கூடாரம் சுத்தமாக இருந்தது. பெட்டி மேல் தூசி இல்லை. அடுப்பைச் சுற்றிச் சாம்பல் இல்லை. இப்படி வீடு வைத்திருக்கிற பெண் நடுப்பகலில் கட்டிலோரம் ஆட்டுத்தோலைக் குவித்துப் போட்டு வைக்க மாட்டாள். அந்தப் பெண் அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், அடுப்பை விட்டு எட்டி, விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றக் கை நீட்ட வேண்டிய இடத்தில். ஹொர்லோவும் அன்றைக்கு அங்கேதான் உட்கார்ந்தாள்.

"பையனக் கூப்பிடும்மா" என்றாள் ஹொர்லோ.

"அதான் சொன்னேனே, அத்தை வீட்டுல."

"நீ கூப்பிடலன்னா நான் கூப்பிடுவேன். அவனுக்குக் காது கேக்கும். நாம பேசுறது எல்லாமே கேட்டுக்கிட்டுத்தான் இருப்பான். பெரியவனானதும் ஒரு வார்த்த விடாம உன்கிட்ட திருப்பிச் சொல்லுவான்."

ஓயுன் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கழுத்து சிவந்தது. வெளியே ஆடுகள் கத்தின. பிறகு அவள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டித் தோலை விலக்கினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். வேர்த்து, தலையெல்லாம் ஆட்டுமயிர். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் டீச்சரின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வந்துட்டீங்க பெரிய மனுஷங்க" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இவரு மாடு தேடிப் போனா மூணு நாளு. வயித்துல ஒண்ணு கெடக்கு எனக்கு. பட்டியில நிக்கிறத யாரு அவுத்து ஓட்டுறது? நீங்க வந்து ஓட்டுவீங்களா? ஊருல உக்காந்துக்கிட்டு புள்ளய அனுப்பு, புள்ளய அனுப்புன்னு சொல்றது சுலபம்."

ஓயுன் சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண் அவளைப் பார்க்கவில்லை. ஹொர்லோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பையன் இருக்கானா?"

"இருக்கான்."

"அவன் எந்த வகுப்பு?"

ஹொர்லோவுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. திருவிழாவில், கல்யாண வீட்டில், வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். தம்பி வீட்டில் படித்தான், நாலாவதோடு நின்றுவிட்டான் என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சொல்லிவந்தாள். சொல்லிச் சொல்லி அது வாய்க்குப் பழகிப் போயிருந்தது.

"அவன் படிக்கல" என்றாள். "நான்தான் அனுப்பல. இதே மாதிரி தோலப் போட்டு மூடி வச்சேன்."

ஓயுன் டீச்சர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். ஹொர்லோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"குட்டியெல்லாம் பொழச்சுச்சு" என்றாள். "அந்த வருஷம் ஒண்ணுகூடச் சாகல. இப்ப அதுல ஒரு ஆடுகூட உசுரோட இல்ல."

தெல்கெரின் அம்மா முகத்தை அங்கியின் கையால் துடைத்தாள். பையனைப் பார்த்தாள், பட்டிப் பக்கம் பார்த்தாள், மறுபடி பையனைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கட்டிலுக்கடியில் குனிந்து அவனுடைய பூட்ஸைத் தேட ஆரம்பித்தாள். ஒன்று கிடைத்தது. இன்னொன்றைக் காணவில்லை. ஹொர்லோ முட்டி வலியோடு கீழே உட்கார்ந்து அவளோடு சேர்ந்து தேடினாள்.